எல்சாவின் இரண்டு வீடுகள்

பெல்ஜியத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற எல்சா, 1986-இல் ஏற்காட்டிலேயே குடியேறிவிட வந்தாள். வீட்டுப் புரோக்கர் மாதையன் இரண்டு வீடுகளைக் காட்டினான். ஒன்று டவுனில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மாடி. இன்னொன்று மஞ்சக்குட்டையில், காப்பித் தோட்டத்து ஓரம். அமைதியாக உட்கார்ந்து படம் வரைய ஆசைப்பட்ட எல்சா மஞ்சக்குட்டைக்கே போனாள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்தாள். “ஒத்தையில எப்படிங்க சாப்புடுவீங்க?” என்று எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். அவள் எழுந்து போனதும் அவள் நாத்தனார் வந்தாள். பிறகு ஊர்ப் பெண்கள் முறை வைத்து வந்தார்கள். ஒருநாள் எல்சா கதவைச் சாத்திக்கொண்டாள். “மேலுக்குச் சொகமில்லீங்களா?” என்று ஜன்னல் வழியாகக் கஷாயம் நீண்டது.

எல்சா மாதையனைத் தேடிப் போய் மாடி வீட்டைக் கேட்டாள்.

“ஏனுங்கம்மா, அங்க நொம்ப சத்தமுங்களே! பஸ்ஸு, ரேடியோ...”

“பஸ் என்னிடம் ஒன்றும் கேட்காது, மாதையன்.”

மாடியில் அவள் நிம்மதியாக வரைந்தாள். சந்தைக்கு வரும் சென்னம்மாள் அங்கேயும் படியேறி வந்தாள். எல்சா சந்தோஷமாகக் காப்பி போட்டுக் கொடுத்தாள். கீழே மஞ்சக்குட்டை பஸ் புறப்படும் சத்தம் கேட்டால் சென்னம்மாள் பாதிப் பேச்சில் எழுந்து ஓடித்தானே ஆகவேண்டும்!