இட்டேரி வாசல்

1928ஆம் ஆண்டு தை மாதம், சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கொல்லிமலை அடிவாரத்தில், இட்டேரியின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு நின்ற சப்பாத்திக்கள்ளி அழுகி விழுந்தது.

ஆடு மாடுகளை மலைப் பக்கம் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகும் தடம் அது. கள்ளி மடல்களில் முதலில் வெள்ளைப் பஞ்சு போல ஒரு பூச்சி அடைந்தது. நசுக்கினால் விரல் சிவந்தது. கள்ளியை ஒழிக்கச் சர்க்காரே விட்ட பூச்சி என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். நிலத்தை அடைத்த முள் தொலைந்தது என்று பலருக்கும் மகிழ்ச்சி. பெரியநாயகிக்கு அந்த முள்தான் வேலி. கணவன் இறந்தபின் அவள் தனியாகப் பயிர் வைத்துவந்த மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டின் நீண்ட பக்கம் முழுவதும் இட்டேரியை ஒட்டியிருந்தது.

அந்த ஆடியில் நிலக்கடலை விதைத்தாள். கொடி படர்ந்ததும் இட்டேரியில் போன ஆடுகள் உள்ளே இறங்கின. பகலெல்லாம் விரட்டினாள். கார்த்திகையில் பிடுங்கியபோது மறுவிதைக்குக்கூடத் தேறவில்லை.

இதற்கிடையில், ஐப்பசியிலேயே அவள் கிளுவை ஊன்றியிருந்தாள். போத்து எனப்படும் கிளைத்துண்டை வெட்டி நட்டால் துளிர்க்கும் முள்மரம் அது. நெருக்கி நட்டால் நாய்கூட நுழையாது. ஆனால் கள்ளி தானாக முளைத்து வேலியாகிவிட்ட அந்தப் பக்கத்தில், வேலி நட்டுப் பழகியவர் யாரும் இல்லை. ஈரம் இருக்கும்போதே நட வேண்டும் என்று நினைத்து, வெட்டிய அன்றே இருநூறு போத்துகளை மழையில் ஊன்றினாள். மார்கழியில் ஒரு போத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். அடி கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. அடுத்ததும் அப்படியே.

புதுச்சத்திரத்திலிருந்து தம்பி ராசப்பன் வந்தான்.

"ஏனக்கா, ஊரு ஆட்டுக்கெல்லாம் நீதான் வெள்ளாமை வெக்கறயா? காளியண்ணங்கிட்டக் காட்ட வாரத்துக்கு உட்டுப்போட்டு நம்மூட்டுக்கு வந்துரு."

காளியண்ணன் இட்டேரிக்கு அந்தப்பக்கத்துக்காரர். எண்பது ஆடு வைத்திருந்தார். அவள் காட்டை விளைச்சலில் பங்குக்குக் கேட்டு இரண்டு முறை ஆள் விட்டிருந்தார்.

"உட்டா திரும்பி வருமாடா?" என்றாள்.

"வேலியில்லாத காடு, இப்ப மட்டும் உன்னுதா?"



"வர்ற ஆடிக்குள்ள வேலி நிக்கலைன்னா உட்டுப்போடறேன். அது வரைக்கும் இந்தப் பேச்ச எடுக்காத."

நடாமல் மிஞ்சிய ஒரு கட்டுப் போத்தை விறகுக்கென்று மாட்டுக் கொட்டகை ஓரம் போட்டிருந்தாள். பங்குனி வெயிலில் அதை எடுக்கப் போனபோது கணுவுக்குக் கணு பச்சை விட்டிருந்தது. மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. வெட்டுவாய் காய்ந்து தோல்போல் மூடியிருந்தது. மழையில் நட்டவற்றை ஈரம்தான் கொன்றிருக்கிறது.

மறுநாளே மரம் வெட்டும் சடையனிடம் எண்ணூறு போத்து கேட்டாள்.

"வெட்டிப் பத்து நாளு நெழல்ல போட்டு வையி. அப்பறம் வண்டியில ஏத்து."

"காஞ்ச குச்சிய யாராச்சும் நடுவாங்களா அம்மிணி? கட்டிலுக்குக் காலு போடறீங்களா?"

"வெறகாப் போனா நாந்தான எரிக்கப்போறேன். நீ வெட்டு."

சித்திரையில் சாணுக்கு ஒன்றாக நட்டாள். வைகாசியில் கோடை மழை ஒன்று பெய்ததும் வரிசை முழுக்கத் துளிர்த்தது. மூன்றே நாளில் காளியண்ணனின் ஆடுகள் நாற்பது போத்துகளை மொட்டையாக்கின. கிளுவைத் தழை ஆட்டுக்கு நல்ல தீனி. முள் முற்றும்வரை அந்த வேலிக்கே ஒரு வேலி வேண்டும் என்பதை அவள் யோசித்திருக்கவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் வீட்டு வாசலுக்குக் கரைத்த சாணியோடு இன்னும் நாலு குடம் கரைத்து இட்டேரிக்குச் சுமந்தாள். துளிர் நனைய ஒவ்வொரு போத்துக்கும் தெளித்துக்கொண்டே போனாள். ஆடுகளோடு வந்த காளியண்ணன் நின்றார்.

"ஏனம்மிணி, உங்கூட்டு வாசலு இட்டேரி வரைக்கும் வந்திருச்சா? கோலமும் போட்டுரு."

"போட்டாப் போச்சுங்ண்ணா. வாசல் தெளிச்ச எடத்துல கூப்புடாம உள்ள வரக்கூடாதுன்னு உங்க ஆட்டுக்குச் சொல்லிப்போடுங்க."

முன்னால் வந்த கிடாய் ஒரு துளிரை முகர்ந்தது. தும்மிவிட்டு நடந்தது. மற்றவை அதன் பின்னே போயின. காளியண்ணனும் பின்னால் நடந்தார்.

தினமும் தெளித்தாள். மழை கழுவிய நாட்களில் இரண்டு முறை. மொட்டையான நாற்பதில் முப்பத்தொன்று மறுபடி துளிர்த்தன. பட்டுப்போன இடங்களில் மிச்சப் போத்துகளை ஊன்றினாள். ஆடிக்குள் கிளைகள் ஒன்றோடொன்று பின்னத் தொடங்கின. முள் கையில் ஏறியது. ஆடி பதினெட்டுக்கு வந்த ராசப்பன் வேலியோரம் ஒரு முறை நடந்துவிட்டு வந்து, விதைப்புக்கு ஏர் பூட்டினான்.

கார்த்திகையில் கடலை பிடுங்கினார்கள். முப்பத்திரண்டு மூட்டை தேறியது. மறு சித்திரையில் காளியண்ணன் தன் காட்டு வேலிக்கு நூறு போத்து கேட்டு ஆள் அனுப்பினார். வெட்டுவதற்கு இன்னும் ஒரு வருஷம் போகவேண்டும் என்று பெரியநாயகி சொல்லி அனுப்பினாள்.