விலை இறங்கும் வரை

எங்கள் குடும்பத்தில் எனக்குத் தள்ளுபடி என்று பெயர். வைத்தவர் அக்காவின் கணவர், என் மாமா. அவருடைய கல்யாணச் சட்டைக்கே நான் கடைக்காரரிடம் மல்லுக்கட்டி இரண்டு கைக்குட்டை இலவசமாக வாங்கினேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மையில் ஒரு கைக்குட்டைதான்.

என் வேலையும் அந்தப் பெயருக்குப் பொருந்தியது. விபத்தில் அடிபட்ட வண்டிகளைக் காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பார்த்து மதிப்புச் சொல்கிறேன். கதவின் நசுங்கல், தரையில் டயர் தேய்த்த கோடு, உடைந்த விளக்கின் சில்லு. இவற்றை வைத்து இடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, வண்டி இனி எத்தனை ஆண்டு ஓடும் என்று எழுதித் தருவேன். பதினாறு ஆண்டுகளாக இதுதான் பிழைப்பு. அதனால்தான் கணினித் திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்க வேண்டும் என்றதும் மாமா வேறு யாரையும் கேட்காமல் என்னைக் கூப்பிட்டார்.

மாமா பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு ஆண்டுகள் தொலைதூர வண்டி, பெரும்பாலும் மாலையில் கிளம்புவது. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் சாலையோரம் நின்ற ஒருவரை மரம் என்று நினைத்துவிட்டார். அசம்பாவிதம் ஒன்றும் இல்லை. ஆனால் அவரே வண்டியை ஓரங்கட்டி, டெப்போவுக்குப் போன் செய்து, வேறு ஓட்டுநரை அனுப்புங்கள் என்று சொன்னார். மாலைக்கண் என்றுதான் முதலில் நினைத்தோம். விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுதாகிக்கொண்டே வருகிறது, நிறுத்த வழி இல்லை என்றார் கண் டாக்டர். முதலில் மங்கிய வெளிச்சத்தில் தெரியாமல் போகும். பிறகு பார்வையின் பக்கங்கள் போகும். கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடு மட்டும் மிஞ்சும். எவ்வளவு காலம் என்று அக்கா கேட்டாள். ஆளுக்கு ஆள் மாறும், பக்கங்கள் போக இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். உரிமம் பறிபோனது. டெப்போவின் உதிரிபாகக் கிடங்கில் மாமாவுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

வெளியூருக்குப் படிக்கப் போன அவர் மகள் தன் கணினியை வீட்டில் விட்டுப் போயிருந்தாள். அங்கிருந்து மேசை விளிம்பில் பொருத்தும் ஒரு ஸ்டியரிங்கையும், பேருந்து ஓட்டும் விளையாட்டு ஒன்றையும் அப்பாவுக்கு அனுப்பிவைத்தாள். ஆறு மணிக்கு மேல் தன் வீட்டு வாசற்படியே தெரியாத மனிதருக்குத் திரைக்குள் இருந்த ஆறு மணி தெரிந்தது. திரை தானே வெளிச்சம் தருகிறது அல்லவா. அதைக் கண்டுபிடித்த அன்று அவர் எனக்குப் போன் செய்து, மச்சான், எதிர் வண்டியோட விளக்கு ரோட்டுத் தண்ணியில விழுறது தெரியுதுடா என்றார்.

தெரிந்தது, ஆனால் ஓடவில்லை. பழைய கார்டால் பகல் வெயிலைத் தாங்க முடிந்தது. மாலையும் மழையும் சேர்ந்தால் படம் திக்கித் திக்கி வந்தது. திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடித்த பிறகு அரை நொடி கழித்துத்தான் பேருந்து திரும்பியது.

"பகல்ல எவன் வேணா ஓட்டுவான், மச்சான். சாயங்காலம், மழையில, ரெண்டு பக்கக் கண்ணாடியையும் பாத்துக்கிட்டே ஒரு தடவை ஒழுங்கா ஓட்டணும். பக்கம் போறதுக்குள்ள."

நான் மூன்று வாரம் படித்தேன். கொடுக்கும் விலைக்கு நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம், வரையும் என்று வகுத்துப் பார்க்க வேண்டும், உச்சத்தில் இருப்பதை வாங்கக் கூடாது, இரவு பகலாக கிரிப்டோ நாணயம் தோண்டி உழைத்துக் களைத்த கார்டு பழைய சந்தையில் பளபளவென்று துடைத்து வரும் என்றெல்லாம் குறித்துக்கொண்டேன். எல்லாவற்றிலும் முக்கியமாக ஒன்று கற்றேன். புது வரிசைக் கார்டுகள் வெளிவந்தால் போன வரிசையின் விலை தானாகச் சரியும்.

கணினிக் கடைகள் நிறைந்த தெருவில் ஒரு மாடிக் கடைக்கு மாமாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். கடைக்காரப் பெண் திருகாணிகளைக் கிண்ணத்தில் பிரித்துப் போட்டபடியே மூன்று கேள்வி கேட்டார். என்ன விளையாட்டு, எவ்வளவு பெரிய திரை, எத்தனை வருடம் ஓட வேண்டும். முதல் இரண்டுக்கும் நான் பதில் சொன்னேன். மூன்றாவதற்கு வாய் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் ஓடினா போதும்மா."

"அப்புறம் வித்துடுவீங்களா சார்?"

"நான் ஏன் விக்கிறேன். கார்டு நல்லாத்தான் இருக்கும்."

கடைக்காரப் பெண்ணுக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. பேருந்து விளையாட்டு என்றால் கண்ணாடிகள்தான் எமன் என்றார் அவர். முன்னால் இருக்கும் சாலையை ஒரு தடவை வரைந்தால் போதாது. இரண்டு கண்ணாடியிலும் பின்னால் வரும் சாலையைத் தனித்தனியாக வரைய வேண்டும். "கண்ணாடியை அணைச்சிட்டீங்கன்னா, உங்ககிட்ட இருக்கிற பழைய கார்டே போதும் சார். காசு மிச்சம்."

"கண்ணாடி இல்லாத வண்டியை நான் எடுக்க மாட்டேன்மா" என்றார் மாமா. கோபமில்லை. பழுதான வண்டி என்று டெப்போவில் பணிச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறவர் குரல்.

அந்தப் பெண் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் கூட. நான் என் குறிப்பைத் திறந்தேன். நான்கு மாதத்தில் புது வரிசை வருகிறது, இதே கார்டு மூன்றில் ஒரு பங்காவது இறங்கும் இல்லையா என்றேன். இறங்கலாம், பொய் சொல்ல மாட்டேன் என்றார். மாமா பெட்டியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அதில் அச்சிட்டிருந்த ஈரச் சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசைமேல் வைத்தார்.

"நீ சொன்னா சரி, தள்ளுபடி."

படியிறங்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன பயன்.

புது வரிசை நான்காம் மாதம் வரவில்லை. ஆறாம் மாதம் வந்தபோது சரக்குத் தட்டுப்பாடு. பழையதன் விலை இறங்குவதற்குப் பதில் ஏறியது. வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த பொருளை அதற்கும் மேல் விலை கொடுத்து வாங்க எனக்குக் கை வரவில்லை. மாதம் ஒரு தடவை மாமா போன் செய்வார். எறங்கிடுச்சா மச்சான் என்று கேட்பார். இன்னும் கொஞ்சம் மாமா என்பேன். இதுக்குள்ள நீ கடையையே வாங்கியிருக்கலாம் என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஒன்பதாம் மாதம் அவர் கேட்கவில்லை. பத்தாம் மாதமும் கேட்கவில்லை. நான் அதைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டேன்.

பதினொன்றாம் மாதம் விலை விழுந்தது. கிட்டத்தட்ட பாதி. அன்றே வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போனேன்.

கணினி இருந்த அறையில் முதலில் என் கண்ணில் பட்டது தரை. நாற்காலிக் கால்கள் தேய்த்த தடம் மூன்று இடத்தில் இருந்தது. மேசையை ஒட்டி ஒன்று, ஒரு முழம் தள்ளி ஒன்று, அதற்கும் பின்னால் சுவரோரமாக ஒன்று. ஸ்டியரிங்கைக்கூட மேசையிலிருந்து கழற்றி ஒரு சின்ன முக்காலியில் பொருத்தியிருந்தார். என்ன இது என்று அக்காவைத் தனியாகக் கேட்டேன்.

"முழுத் திரையும் கண்ணுக்குள்ள வரணும்னு பின்னால பின்னால போறாருடா. இனிமே போறதுக்குச் சுவர்தான் இருக்கு."

தடம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். பதினொரு மாதத்தில் எத்தனை தடவை இந்த வீட்டுக்கு வந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு தடவை. இரண்டு தடவையும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

கார்டைப் பொருத்தினேன். மாலை, மழை, போக்குவரத்து, இரண்டு கண்ணாடியும் முழுத் துல்லியத்தில். திரை மூலையில் ஃபிரேம் எண்ணிக்கை அறுபத்திரண்டு காட்டியது, அசையாமல். மாமா பணிக்குக் கிளம்புகிறவர்போல முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் கேலி செய்யவில்லை.

பேருந்து நிலையத்தை விட்டு வெளியே வந்தது. வானம் ஊதாவும் சாம்பலுமாக இருந்தது. வைப்பரின் ஒவ்வொரு வீச்சுக்கும் எதிர் விளக்குகள் கலைந்து மறுபடி சேர்ந்தன. ஒரு திக்கல் இல்லை. திருப்பத்தில் அவர் கை எப்போது நெகிழ்ந்ததோ அப்போதே பேருந்தும் நெகிழ்ந்தது. மாமாவின் முகத்தில் நான் பல காலம் பார்க்காத ஓர் அலட்சியம் வந்திருந்தது, தொழில் தெரிந்தவனின் அலட்சியம். அக்கா கதவருகே நின்று திரையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வலது கண்ணாடியைப் பார்த்தேன். எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறது என்று பார்க்கத்தான். பின்னால் ஒரு லாரி நெருங்கி வந்துகொண்டிருந்தது. அதன் விளக்கு கண்ணாடியை நிறைத்தது. மாமா வலது பக்க விளக்கைப் போட்டார், வழக்கம்போல ஒரு நொடி பொறுத்தார், தலையைக்கூட லேசாகத் திருப்பினார், பிறகு அமைதியாக வலப்பக்கம் ஒடித்துப் பேருந்தை லாரியின் மேல் ஏற்றினார்.

திரை குலுங்கி நின்றது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம் வந்தான்?"

"வலது பக்கம், மாமா."

"கண்ணாடியில இருந்தானா?"

"இருந்தான்."

"ரொம்ப நேரமா?"

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். பழக்க தோஷம், பார்த்ததைச் சொல்லிவிட்டேன். "கொஞ்ச நேரமா."

அவர் எழுந்து போய்த் திரையின் வலது விளிம்பை விரலால் தொட்டார். முகத்தை அதற்கு நேராக வைத்து, லாரி விளக்கைக் கண்ணாடிக்குள் தேடி எடுத்தார். ஆமாம், இருக்கான் என்றார். திரும்பி வந்து நாற்காலி முதுகைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"கண்ணாடியை அணைச்சுடு, மச்சான்."

அணைத்தேன்.

"மத்த வண்டியும் வேண்டாம்."

அவற்றையும் எடுத்தேன். மூலையில் எண்ணிக்கை நூற்றுப் பத்தைத் தாண்டியது. இப்ப எவ்வளவு காட்டுது என்று கேட்டார். சொன்னேன். ஆளில்லாத சாலையில் அந்த மழைக்குள் இருபது நிமிடம் ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார். பிறகு, நல்ல கார்டு, எவ்வளவு குறைச்ச என்று விசாரித்தார். கிட்டத்தட்ட பாதி என்றேன். தள்ளுபடின்னா தள்ளுபடிதான் என்றார். அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

கிளம்பும்போது ஐந்தரை மணி. மாமா வாசல்வரை வந்து நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் அவருக்கு இடது பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே இருந்த படிக்கட்டைப் பார்த்து, "பாத்துப் போ, மச்சான்" என்றார்.

சத்தமில்லாமல் இரண்டு படி இறங்கி, அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, சரி மாமா என்றேன்.