காத்துக்காரி கட்டிய வீடு

ஏணியின் மேல்படியில் நின்று அவள் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். மாடிப்படிக்கு மேலே, கூரையை ஒட்டி அவள் வைத்திருந்த நீள ஜன்னலை யாரோ நாலு பக்கமும் டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். வீட்டின் வெக்கை முழுக்க அங்கேதான் தேங்கிக் கிடந்தது.

இந்த வீட்டை வரைந்து கட்டியவளே அவள்தான். ஏசி தேவைப்படாத வீடு. தாழ்வான ஜன்னல்களில் காற்று நுழையும். சூடு மேலேறி இந்த மேல் ஜன்னல் வழியே போய்விடும். அப்பாவுக்கு அதில் அப்படியொரு பெருமை. வருகிறவர்களையெல்லாம் படியடியில் நிறுத்தி, "கரண்ட் பில்லைக் கேட்டா மயக்கம் போட்டுருவீங்க" என்பார். மகளுக்குக் 'காத்துக்காரி' என்று பேர் வைத்ததும் அவர்தான்.

அந்த அப்பா இப்போது ஹாலில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். இருதயம் ஓய்ந்துவிட்டது, ஓரிரு நாள்தான் என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சரி. ஆனால் இந்தப் புழுக்கத்தில் அவர் சட்டையைப் பிய்த்துக்கொண்டு "காத்து, காத்து" என்கிறாரே, அதை எப்படித் தாங்குவது? பத்து நாளாக வீடு ஏன் வேகிறது என்று வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் ஏணியைத் தூக்கினாள்.

"மேல என்னடி பண்றே?" கீழே அம்மா. "அதைத் தெறக்காதே. வெளி அனல் உள்ள வருதுன்னு நான்தான் அன்னிக்கு பெயின்ட் அடிக்க வந்தவனை விட்டு அடைக்கச் சொன்னேன். அப்பாவுக்கு ஆகாதுல்ல?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஹாலிலிருந்து அண்ணன் அலறினான். "அப்பா!"

மீதித் தாளை ஒரே இழுப்பில் உருவிப் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். எல்லாம் முடிந்திருந்தது.

சாயங்காலம், வந்தவர்கள் முன்னாலேயே அண்ணன் வெடித்தான். "ஒரு ஏசி போட விட்டியா நீ? உன் கெட்டிக்காரத்தனத்துக்கு அவர்தானா கெடைச்சாரு? வெந்து போய்ச் செத்தாருடி!"

அடைத்தது யார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தன் மேலிருந்து பழி இறங்கிவிடும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அம்மா ஒரு அட்டையை வைத்து அப்பாவின் முகத்துக்கு இன்னும் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்ணா," என்றாள். "என் கணக்கு தப்பிடுச்சு."

தாழ்வான ஜன்னல்கள் வழியே காற்று நுழைந்தது. அப்பாவின் மார்பு வரை போர்த்தியிருந்த வெள்ளைத் துணியின் ஓரம் படபடத்தது. அம்மா விசிறுவதை நிறுத்தினாள். மாடிப்படிப் பக்கம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். துணி பறக்காமல் அதன் ஓரத்தை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.