எண்பத்தோராம் நாள்

“அங்கயே நில்லு. உள்ள கால வெக்காத.”

சமையலறை வாசலில் குறுக்கே கையை நீட்டி நின்றாள் சௌந்தரம். எதிரே மருமகள் ஜான்சி, தோளில் பெண் குழந்தையோடு.

“நேத்தோட எண்பது நாள் முடிஞ்சிடுச்சு அத்தை.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. மாமா வந்து சொல்லட்டும்.”

எண்பது என்பது மாமனார் ராஜாமணி வைத்த கெடு. கடலூரில் ஒரு சபைக்கு மூப்பர் அவர். புதன்கிழமைதோறும் அவர் வீட்டுக் கூடத்தில்தான் வேத வகுப்பு. தாயில்லாத ஜான்சி சிதம்பரம் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுக்கொண்டு வந்து இறங்கியபோது, வாசலில் நிறுத்தி வைத்தே பைபிளில் லேவியராகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார். ஆண் பிள்ளை என்றால் நாற்பது நாள் தீட்டு, பெண் பிள்ளை என்றால் எண்பது. நானா சொல்கிறேன், ஆண்டவர் சொன்னது என்றார். அன்றிலிருந்து அவளுக்குப் பின்கட்டு அறை, தனித் தட்டு. அவருடைய சொந்த மகள் பெண் பிள்ளை பெற்று வந்தபோது பத்தாம் நாளே இதே அடுப்பில் தோசை சுட்டுத் தின்றாள். அப்போது லேவியராகமம் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது.

ராஜாமணியின் தாத்தா காலத்திலேயே முழுக்கு ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம் அது. முழுகும்போது சாதியை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, இன்றுவரை அதில் ஒரு சொட்டு ஈரம் படவில்லை. ஜான்சியும் கிறிஸ்தவள்தான். ஆனால் அண்ணாகிராமம் பக்கத்துக் காலனிப் பெண். ராஜாமணியின் மகன் எழிலன் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள்.

எண்பது நாளையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். சட்டம் என்று ஒன்று இருந்தால் அதற்கு முடிவும் இருக்குமே. அந்த அடுப்பில் தன் கையால் ஒரு வாய் டீ போட்டு இவர்கள் குடித்துவிட்டால் போதும், தன் மகள் இந்த வீட்டுப் பிள்ளையாக வளர்வாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ராஜாமணி வந்தார். “நாள் முடிஞ்சா மட்டும் ஆச்சாம்மா? பலின்னு ஒண்ணு இருக்குல்ல. ஆறாம் வசனத்துலேருந்து படிச்சுப் பாரு.” சொல்லிவிட்டு, சாயங்கால வகுப்புக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடப் போய்விட்டார்.

ஜான்சி படித்துப் பார்த்தாள். படித்ததும் குழந்தையை எழிலன் மடியில் போட்டுவிட்டு முதுநகர்ச் சந்தைக்கு பஸ் ஏறினாள்.

மாலையில் கூடம் நிறைந்திருந்தது. பன்னிரண்டு பேர், மடியில் பைபிள், கையில் மிக்சர். ராஜாமணி பரிசுத்தத்தைப் பற்றிக் குரலை உயர்த்தியபோது, அவர் முன்னால் மேஜைமேல் ஒரு கூண்டை வைத்தாள் ஜான்சி. உள்ளே இரண்டு புறாக்குஞ்சுகள்.

“என்னம்மா இது?”

“பலி மாமா. ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லன்னா ரெண்டு புறாக்குஞ்சுன்னு எட்டாம் வசனத்துல போட்ருக்கு. எப்பிடின்னு மொத அதிகாரத்துல இருக்கு. கத்தி வேணாமாம், கையாலயே கழுத்தக் கிள்ளணுமாம். நீங்கதானே மூப்பரு, கிள்ளுங்க.”

ஒரு குஞ்சு கம்பி வழியாக அவருடைய மிக்சரைக் கொத்தியது.

“மூப்பரே, வெள்ளச் சட்ட வேற போட்ருக்கீங்க,” என்றார் முன்வரிசையில் இருந்த சிங்காரம், சிரிப்பை விழுங்க முடியாமல்.

“பலியெல்லாம் சிலுவையோட முடிஞ்சு போச்சும்மா!” ராஜாமணி மிக்சரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இயேசுதான் கடைசி பலி. இதுகூடத் தெரியாதா ஒனக்கு?”

“பலி முடிஞ்சிடுச்சு. தீட்டு மட்டும் எப்பிடி மாமா முடியாம கெடக்கு?”

ஜான்சி கூண்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

“செத்த மிருகத்தத் தொட்டவன்கூட சாயங்காலம் ஆனா சுத்தமாயிட்றான். குஷ்டரோகிய ஆசாரியரே வெளிய போயிப் பாத்து உள்ள கூட்டியாறாரு. முழுக்கப் படிச்சுட்டேன். திரும்பி வர வழி சொல்லாம யாரையும் அவுங்க வெளிய நிறுத்தல. எனக்கு எப்ப மாமா சாயங்காலம் ஆவும்? எந்த அதிகாரம், எந்த வசனம்? சொல்லுங்க, இவுங்களும் குறிச்சுக்கட்டும்.”

பதிலுக்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அது பைபிளில் இல்லை, ராஜாமணியின் நாக்கில் இருந்தது. பன்னிரண்டு பேர் முன்னால் அதைத் துப்பும் தைரியமும் அவருக்கு இல்லை. “ஜெபிச்சு முடிச்சுக்கலாம்,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நீண்ட ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போதே ஜான்சி சமையலறைக்குள் போய் டீ போட்டாள்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தவர்கள் தட்டில் டீயைப் பார்த்தார்கள். ஒருவருக்கு உடனே சர்க்கரை வியாதி வந்துவிட்டது. ஒருவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சிங்காரம், பேரப்பிள்ளை மாடியில் வளர்ப்பான் என்று புறாக்களை அவள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு போனார், டீயை வாங்கவில்லை. எழிலன் ஒரு டம்ளரை எடுத்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். “கொஞ்சம் ஆறட்டும்,” என்று கீழே வைத்துவிட்டான்.

அந்த அடுப்பைச் சௌந்தரம் அப்புறம் பற்றவைக்கவில்லை. போனில் சொல்லி ஓட்டலிலிருந்து புரோட்டா வந்தது. ராஜாமணி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் பிய்த்துப் பிய்த்துச் சால்னாவில் முக்கினார். இரண்டை முடித்து மூன்றாவதில் கை வைத்தபோது, ஜான்சி காலிப் பையை எடுத்து அதில் அச்சடித்திருந்த கடைப் பெயரைப் படித்தாள்.

“சால்னா நல்லாருக்கா மாமா?”

“ம்.”

“இருக்கும். அந்தக் கடையில மாஸ்டரு எங்க சித்தப்பா பையன் சிலம்பரசன்தான். மாவு பெசையறது, வீசுறது, அடுக்கித் தட்றது, எல்லாமே அவன் வெறுங்கைதான்.”

ராஜாமணியின் தாடை நின்றது. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“இன்னும் ரெண்டு இருக்கு,” என்றாள் ஜான்சி. “வெக்கட்டுமா?”