மேல் பட்டன்

துவைக்கப் போடுமுன் என் வீட்டுக்காரரின் பேண்ட் பையைத் துழாவினேன். மாத்திரை அட்டை கையில் வந்தது. பத்தும் அப்படியே இருந்தன. போன வருஷம் இவருடைய வலது பக்கத்தையே முடக்கிய பக்கவாதம் மறுபடி வராமலிருக்க, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒன்று போட வேண்டிய மாத்திரை. பத்து நாளாக என் முகத்தைப் பார்த்து "போட்டேன்" என்று சொன்ன மனுஷன்! இவருக்காக வீட்டில் எல்லோரும் உப்பைக் குறைத்துத் தின்கிறோம். காலையில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கூடவே நடக்கிறேன்.

வந்த ஆத்திரத்தில் குழாயைக்கூட மூடாமல் கிளம்பினேன்.

இவர் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் சாப்பாட்டு நேரம். மிஷின்கள் நின்றிருந்தன. இரும்புச் சுருள் குவியலுக்குப் பக்கத்தில் இவர் சிகரெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பற்றவைத்துக் கொடுத்தவர் சுருட்டைமுடிக்காரர், இவருடைய இருபது வருஷக் கூட்டாளி.

"இது என்ன?" என்று அட்டையை நீட்டினேன்.

கூட்டாளிதான் முந்திக்கொண்டார். "கைதான் நல்லா வந்துடுச்சே தங்கச்சி. இன்னும் எதுக்கு மாத்திரை? கிட்னி போயிடும்னு நான்தான் சொன்னேன். சிகரெட்டும் ஒண்ணே ஒண்ணுதான்."

டாக்டரெல்லாம் இந்தக் கூட்டாளியிடம் வந்துதான் படிக்க வேண்டும்.

"அண்ணே, வலது கையைப் பேண்ட் பைக்குள்ள விடுங்க. இடது கையால சட்டையோட மேல் பட்டனைப் போடுங்க பாக்கலாம்."

விளையாட்டென்று நினைத்து ஆரம்பித்தார். பட்டன் நழுவியது. மறுபடி நழுவியது. சுற்றி உட்கார்ந்திருந்த மற்ற வேலையாட்கள் கேலி செய்தார்கள்.

"நல்லா சிரிங்க. நாலு மாசம் இவருக்கு நான்தான் பட்டன் போட்டேன். வாய் கோணி, எச்சில் ஒழுக அழுதாரே, அப்ப உங்கள்ல யாரு கூட இருந்தீங்க?"

இவர் எழுந்தார். சிகரெட்டை உதட்டில் கவ்விக்கொண்டு கூட்டாளியின் பட்டனை டக்கென்று மாட்டிவிட்டார். "பாத்தியா? எனக்கு எல்லாம் சரியாயிடுச்சு" என்றார் பெருமையாக.

தலையில் அடித்துக்கொண்டேன். "மறுபடி வந்தா கையோட நிக்காதுன்னு டாக்டர் சொன்னாரே, காதுல விழலையா? இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா பட்டன் போட நான் வரமாட்டேன்!"

சொன்னது வாய்தான். வருவேன். அது இவருக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் ஊதுகிறார். அதை நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"வாயைத் திறங்க" என்றேன்.

பட்டறை முழுக்கப் பார்த்திருக்க, நாக்கைத் தூக்கிக் காட்டினார்.