கல்யாணத்துக்குக் கொஞ்சம் முடி

கத்தரீனாளின் தலைமுடியைப் பற்றித் தெரியாதவர்கள் எஸ்டேட்டில் கிடையாது. அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும். இருபத்தாறு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். வெயில், மழை, பனி எல்லாம் சேர்ந்தும் அந்த முடியை ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்படி என்னதான் தேய்க்கிறாள் என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். கடைத் தேங்காய் எண்ணெய்தான் என்று அவள் சொன்னதை ஒருத்தியும் நம்பவில்லை.

அந்த முடியைப் போன செப்டம்பரில் வேளாங்கண்ணியில் இறக்கிவிட்டு வந்தாள். ஜூலையில் அவள் புருஷன் சூசையப்பனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. கோட்டயத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தவள், "மாதாவே, இந்த மனுசன முழுசாத் திருப்பிக் குடு, என் முடிய எடுத்துக்கோ" என்று நேர்ந்துகொண்டாள். மாதா கொடுத்தாள், இவளும் கொடுத்தாள். அதில் அவளுக்குக் கடுகளவும் வருத்தமில்லை.

ஆனால் ஆள் முழுசாக வந்து சேரவில்லை. சூசையப்பன் மலைமேல் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டே சிரித்தால், கீழே பாக்டரியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட சிரிப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு, நெஞ்சுத் தையல் பிரிந்துவிடும் என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. எல்லாம் ஆறிவிட்டது, தாராளமாகச் சிரிக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. எது சொன்னாலும் உதட்டை லேசாக விரிப்பதோடு சரி.

இதற்கிடையில் மகள் ஜின்சிக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை ஜிதினுக்கு வண்டன்மேட்டில் ஏலக்காய்க் கடை ஒன்றில் வேலை. கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடிந்த பிறகு, கத்தரீனாள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"நான் ஹாலுக்கு வரலட்டி. மாப்பிள்ளைக்கு நான் போட வேண்டிய மாலைய உங்க சித்தி போடட்டும்."

"ஏம்மா?"

"கோயில்னா முக்காடு போட்டுக்கிடலாம். ஹால்ல அம்புட்டுப் பேரும் என் தலையத்தான பாப்பாக? காலத்துக்கும் போட்டோவுல கவாத்து வெட்டுன செடியாட்டம் நிக்கணுமாக்கும்?"

வேளாங்கண்ணிக்குக் கொடுத்த முடியை யாரும் கேலி பேச மாட்டார்கள் என்றாள் ஜின்சி. கத்தரீனாளுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய? கண்ணாடி முன்னால் நின்றால் கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. கடைசியில், "நீ மாலை போடலன்னா நான் மேடை ஏற மாட்டேன்" என்று மகள் அழுதுவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்து, வண்டிப்பெரியாரில் மலையாளத்துப் பெண் ஜிஷா நடத்தும் பியூட்டி பார்லருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஜிஷா ஒரு பாக்கெட்டைப் பிரித்து நீளமான முடிக்கற்றைகளை வெளியே எடுத்தாள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் சின்னச் சின்னக் கிளிப்.

"சேச்சி, கொறச்சு நேரம் அனங்காம இரிங்க."

கத்தரீனாள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கிளிப் நிற்க வேண்டுமே! நான்கு மாதத்தில் சுண்டுவிரல் நீளம்தான் முடி வளர்ந்திருந்தது. மாட்ட மாட்ட வழுக்கியது. மூன்றாம் தடவை கற்றை கழன்று கழுத்து வழியாக ஜாக்கெட்டுக்குள் இறங்கியதும், அட்டைப்பூச்சி என்று நினைத்து ஒரு துள்ளு துள்ளினாள். பக்கத்து நாற்காலியில் முகத்துக்குக் கிரீம் பூசிப் படுத்திருந்த பெண்ணும் சேர்ந்து துள்ளினாள்.

ஜிஷா கொஞ்சம் யோசித்தாள். "சேச்சி, பணிக்குப் போகும்போ தலையில ஒரு துணி கெட்டுமில்லே? அதுபோல ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

கொழுந்துச் சாக்கின் கயிறு நெற்றியை அறுக்காமலிருக்க எல்லாப் பெண்களும் கட்டுகிற துணிதான். ஜின்சி ஓடிப்போய்க் கறுப்புத் துணி வாங்கிவந்தாள். ஜிஷா கிளிப்புகளைக் கழற்றிவிட்டுக் கற்றைகளைத் துணியின் உட்புறம் வரிசையாக வைத்துத் தைத்தாள். தலையில் கட்டி, முன்னால் சொந்த முடியைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, பின்னலிட்டு, துணி தெரியாமல் மல்லிகைச் சரத்தைச் சுற்றினாள்.

கண்ணாடியில் இடுப்புவரை பின்னலோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கத்தரீனாள் பின்னலை மெதுவாக முன்னால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது யாரு முடி தாயி?"

"அறியில்ல சேச்சி. கோயில்லயும் சர்ச்சுலயும் நேர்ச்சைக்கு எடுக்குற முடி இப்படி வரும்னு கேட்டிருக்கேன்."

யாரோ ஒருத்தி. யாருக்காக நேர்ந்துகொண்டாளோ, புருஷனுக்கோ பிள்ளைக்கோ. அவள் கேட்டது கிடைத்திருக்க வேண்டும், அதனால்தான் கொடுத்திருக்கிறாள். முகம் தெரியாத அவளை நினைத்ததும் கத்தரீனாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "நல்லா இரு ஆத்தா, உன் குடும்பம் நல்லா இருக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். தன்னைத்தான் வாழ்த்துகிறாள் என்று ஜிஷாவுக்கு ஒரே சந்தோஷம்.

கல்யாணத்தன்று காலையில் கத்தரீனாள் தானே துணியைக் கட்டிக்கொண்டாள். இருபத்தாறு வருஷமாகக் கட்டுகிற கை, கண்ணாடி எதற்கு? அங்கேதான் வந்தது வினை. கொழுந்து எடை போடும் இடத்தில் சாக்கை இறக்கியதும், துணியைச் சட்டென்று அவிழ்த்து வேர்வையைத் துடைப்பார்கள். அதற்காகவே போடுவது உருவு முடிச்சு. ஓர் இழுப்புக்குக் கையோடு வந்துவிடும். அந்தக் கை அந்த முடிச்சைத்தான் போட்டது.

கோயிலில் முக்காட்டுக்குள் எல்லாம் பத்திரமாக இருந்தது. ஹாலில் முக்காட்டை எடுத்துவிட்டுப் படியேறினாள். மாலையைப் போட்டாள். குனிந்த மாப்பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்தாள். தோள் வழியாக முன்னால் விழுந்திருந்த பின்னல், அவன் கோட்டில் குத்தியிருந்த பூவின் ஊசியில் மாட்டியது தெரியாமல் நிமிர்ந்தாள்.

முடிச்சு தன் வேலையைச் செய்தது. துணி, மல்லிகை, பின்னல் எல்லாம் மொத்தமாகப் போய் மாப்பிள்ளையின் மார்பில் தொங்கின.

போட்டோக்காரர் எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கேமராவைக் கீழே இறக்கினார். கத்தரீனாள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு நின்றாள். எதற்குப் பயந்து சாகக் கிடந்தாளோ, அது முந்நூறு பேர் முன்னால் நடந்துவிட்டது.

ஜிதின் குனிந்து தன் மார்பைப் பார்த்தான். "என்ன அத்தை, எனக்கு மட்டும் ரெண்டு மாலையா?" என்றான்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. பாக்டரியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அதே சத்தம். சூசையப்பன் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். "ஏ கத்தரீனா... ஏ புள்ள..." அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. பிறகு ஹால் முழுவதும் சிரித்தது.

கத்தரீனாளுக்குத் தலை மறந்துபோனது. கையை எடுத்துவிட்டு மேடையிலிருந்து ஓடிவந்து அவன் முன்னால் நின்றாள்.

"வலிக்குதாங்க? நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல புள்ள. கொஞ்சங்கூட வலிக்கல." சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தான்.

"மாதாவே, முழுசாக் குடுத்துட்டியே!" என்று அந்த இடத்திலேயே அழுதாள் கத்தரீனாள். ஜின்சி பட்டுப்புடவையோடு இறங்கிவந்து, பின்னலை அம்மாவின் தலையில் வைத்து, யார் இழுத்தாலும் அவிழாத முடிச்சாக இரண்டு போட்டாள்.

கல்யாணப் போட்டோ இப்போது லயத்து வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. கத்தரீனாளின் பின்னல் இடுப்புவரை அழகாகத் தொங்குகிறது. வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

"அத விடுங்க," என்கிறாள் அவள். "இவுக வாயப் பாருங்க. கடவாய்ப் பல்லு வரைக்கும் தெரியுதா?"