செக்கர் கையில் ரிமோட்

மருமகள் வெளிநாட்டுப் படம் பார்க்கட்டும், ஆனால் ரிமோட் தன் கையில்தான் இருக்கும் என்று மாமனார் சொல்லிவிட்டார். பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கிடைத்தது கம்பெனிக்குத்தான், அவருக்கு இல்லை. திரையில் ஆணும் பெண்ணும் கை எட்டும் தூரத்துக்குள் வந்தால் போதும், தொண்டையைச் செருமிக்கொண்டு படத்தை வேகமாக முன்னால் ஓட்டிவிடுவார்.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வாரம் முழுக்கத் தடுப்புக்குப் பின்னால் நின்று, "மூச்சைப் பிடிங்க, ஆடாதீங்க, இப்ப விடுங்க" என்று ஊரார் நெஞ்சையெல்லாம் படம் பிடிப்பவளுக்கு ஞாயிறு மதியம் ஒன்றுதான் சொந்தம். செல்போனில் பார்த்தால் கீழே ஓடும் எழுத்து எறும்பாகத் தெரிகிறது. அதனால்தான் கூடத்து டிவிக்கு வந்தாள். தனக்குப் பாஷை புரியாத ஒருத்தி திரையில் அழுதால் இவள் கை முந்தானையைத் தேடும். ஏன் என்று யாருக்கும் விளக்கம் சொல்ல அவள் தயாராக இல்லை. பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

"அப்பாகிட்ட எதுக்கு வம்பு? கொஞ்சம் ஓட்டினா என்ன, கதை புரியுதுல்ல?" என்பான் கணவன்.

"ஓட்டின இடத்துலதாங்க கதையே இருக்கு" என்பாள்.

அன்றைய படத்தில் ஒரு கிழவரும் கிழவியும். இருவருக்கும் பேச்சே கிடையாது. கிழவி கட்டிலில் உட்கார்ந்தாள். கிழவர் கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கம் வந்தார். கூடத்தில் செருமல் கேட்டது. படம் விருட்டென்று ஓடிப்போய் ஒரு கல்லறையில் நின்றது. கிழவியைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள்.

மருமகளுக்குச் சுரீரென்றது. எழுந்து போய் மாமனார் மடியிலிருந்த ரிமோட்டை எடுத்தாள்.

"என்னம்மா இது?"

"டிக்கெட் வாங்கித்தான் ஏறியிருக்கேன் மாமா. நடுவழியில இறக்கி விடாதீங்க."

கணவன் கண்ணாலேயே கெஞ்சினான். அவள் கண்டுகொள்ளாமல் படத்தைப் பின்னால் ஓட்டினாள்.

கதவு சாத்தப்பட்டது. கிழவர் வந்து தரையில் உட்கார்ந்தார். கிழவியின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நகம் வெட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல். முடித்ததும் பாதத்தை உள்ளங்கையால் துடைத்துவிட்டார். காட்சி அவ்வளவுதான். இவள் சொல்லாமலே கூடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி சரி, பாத்தாச்சுல்ல, மேல ஓட்டு" என்றார் மாமனார், யார் முகத்தையும் பார்க்காமல்.

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். குனிய முடியாத முதுகு அவருக்கு. அதை ஆஸ்பத்திரியில் படம் பிடித்தவளே இவள்தான். நகம் வளர்ந்து கிடந்த காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டவர், என்ன நினைத்தாரோ, மறுபடி வெளியே நீட்டினார், எல்லோரும் பார்க்கும்படி.

"ஓட்டாத" என்றார் மருமகளிடம். "அந்த இடத்த இன்னொரு தடவ போடு. உங்க மாமா சரியாப் பாக்கல."